கருத்துப் பதிவேட்டில் கிழிக்கச் சொன்ன பக்கம்

கேள்வி:

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு, வணக்கம். சோதனைமுறைக் காட்சிக் கலைக்கான ஒரு கண்காட்சியில் மூன்று வாரங்களாகத் தன்னார்வலராகப் பணியாற்றி வருகிறேன். புலன்களைக் குழப்பி, பார்ப்பவரின் மனநிலையை மாற்றுவதே அங்குள்ள படைப்புகளின் நோக்கம். முதல் அறையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளால் ஆன பெரிய ஓவியங்கள். இரண்டாம் அறை முழுவதும் ஓரமோ மூலையோ தெரியாதபடி ஒரே இளஞ்சிவப்பு ஒளி. மூன்றாம் அறையில், வேகமாக மினுக்கும் விளக்கின் முன் கண்களை மூடிக்கொண்டு பத்து நிமிடம் அமர வேண்டும். ‘உங்கள் மனத்தின் மூடிய கதவுகள் இங்கே திறக்கும்’ என்று வாசலில் ஒரு பலகை இருக்கிறது.

வெளியே வருபவர்கள் கருத்துப் பதிவேட்டில் எழுதுபவை ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. ‘சுவர் மூச்சு விட்டது’ என்று ஒரு சிறுமி முதல் அறையைப் பற்றி எழுதியிருக்கிறாள். ‘இறந்துபோன அம்மாவின் முகத்தைக் கண்டேன், அழுதுவிட்டேன்’ என்கிறார் ஒருவர். ‘தலைவலிதான் மிச்சம்’, ‘ஏமாற்று வேலை’, ‘எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, என்னிடம்தான் ஏதோ குறை’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண்மணி மறுநாள் திரும்பி வந்து, இரவு முழுவதும் உறக்கம் இல்லை என்றும், தம் கைகளே தம்முடையவை அல்ல போலத் தோன்றின என்றும் ஒரு பக்கம் நிறையக் கோபத்துடன் எழுதிவிட்டுச் சென்றார். அமைப்பாளர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மையான எதிர்வினை? இந்தக் கலை யாருக்காவது தீங்கு செய்யுமா? முதல் நாள் மூன்றாம் அறையில் வண்ண வண்ணமாகக் கண்ட எனக்கு இப்போது எதுவுமே தெரிவதில்லையே, அது ஏன்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எடுத்து எழுதிய ஆறு குறிப்புகளில் பொய்யென்று தள்ளத்தக்கது ஒன்றுகூட இல்லை. ஆனால் அவை ஒரே கேள்விக்கு எழுதப்பட்ட ஆறு விடைகளும் அல்ல. ‘தலைவலிதான் மிச்சம்’ என்பவர் தம் உடலுக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். சுவர் மூச்சு விட்டதாக எழுதிய சிறுமி தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள். அம்மாவின் முகத்தைக் கண்டவர், கண்ட காட்சியோடு அதற்குத் தாம் கொண்ட பொருளையும் சேர்த்துச் சொல்கிறார். ‘ஏமாற்று வேலை’ என்பவரோ அறைக்குள் நடந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. வாசலில் இருந்த பலகையோடு வழக்காடிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்தடுத்த வரிகளில் எழுதப்பட்டிருப்பதால் இவை முரண்படுவது போலத் தெரிகின்றன. எது எதைப் பற்றியது என்று பிரித்துப் படித்தால் முரண் பெரும்பாலும் இல்லாமற்போகும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விளக்கினால் வரக்கூடிய ஆபத்து சிலருக்கு மட்டுமே உரியது, அதை முன்னெச்சரிக்கையால் தடுக்கவும் முடியும். அந்தப் பலகையினால் வரும் சங்கடமோ உள்ளே நுழையும் ஒவ்வொருவரையும் தொடுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அறைகளின் வழியாகவே வர வேண்டும்.

முதல் அறையின் கோடுகள் அசைவதற்குப் பார்ப்பவரின் கற்பனை காரணமன்று. ஓரிடத்தையே உற்றுப் பார்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதும் நம் விழிகள் விநாடிக்கு ஓரிரு முறை மிக நுண்ணிய அளவில் துள்ளிக்கொண்டேதான் இருக்கின்றன. வழக்கமான காட்சிகளில் அந்தத் துள்ளலை மூளை கழித்துவிடுவதால் உலகம் நமக்கு அசையாமல் நிற்கிறது. நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகளின் முன் அந்தக் கழித்தல் கணக்கு சரிவர நடப்பதில்லை. கண்ணின் அசைவில் ஒரு பங்கு சுவரின் அசைவாகத் தெரிந்துவிடுகிறது. ஆகவே அந்தச் சிறுமி கவிதை எதுவும் எழுதவில்லை, தான் கண்டதை உள்ளது உள்ளபடி குறித்திருக்கிறாள்.

இந்த வகை ஓவியங்களுக்குக் கிடைத்த வரவேற்பின் வரலாறு உங்கள் பதிவேட்டைப் போலவே இருக்கிறது. பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961 முதல் கறுப்பு வெள்ளையில் இத்தகைய படைப்புகளைத் தீட்டத் தொடங்கினார். 1964-இல் ஓர் அமெரிக்க வார இதழ் இதற்கு, கண்மயக்கக் கலை என்ற பொருளில், ‘ஆப் ஆர்ட்’ என்று பெயரிட்டது. 1965-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் ‘தி ரெஸ்பான்சிவ் ஐ’ என்ற தலைப்பில் பெருங்கண்காட்சி நடத்தியபோது 1,80,000-க்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள்; ரைலியின் ஓர் ஓவியம்தான் அதன் கையேட்டுக்கு அட்டைப்படம். பிற்காலத்தில் பெரிய இயக்குநராக அறியப்பட்ட பிரையன் டி பால்மா, அந்தக் கண்காட்சியின் திறப்பு விழா மாலையில் வந்தவர்களின் எதிர்வினைகளையே ஓர் ஆவணப்படமாக எடுத்தார். தலைசுற்றல், குமட்டல், கண் கூசுதல் என்று பார்வையாளர்கள் முறையிட்டார்கள். கண்ணைக் கட்டி வித்தை காட்டுகிறார்கள் என்று விமரிசகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். பொதுமக்களோ கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருந்தார்கள். தலைவலிக்காரரும் ஏமாற்று என்றவரும் மூச்சு விடும் சுவரைக் கண்டவரும் அன்றே ஒரே வரிசையில்தான் நின்றிருக்கிறார்கள்.

தலைவலியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் உங்களால் உடனே உதவ முடியும். கோடுகள் தரும் உளைச்சல் அவற்றின் எண்ணிக்கையைவிட அவை கண்ணில் படும் நெருக்கத்தைப் பொறுத்தது. பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ மூன்று சோடி கறுப்பு வெள்ளைக் கோடுகள் விழும்போது பெரும்பாலோருக்கு அசௌகரியம் உச்சத்தை எட்டுகிறது என்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆர்னால்டு வில்கின்ஸ் முதலியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பாகை என்றதும் அளவுகோலைத் தேட வேண்டாம். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த விரலின் அகலம் சுமார் இரண்டு பாகை. விரலின் அகலத்திற்குள் ஆறு சோடிக் கோடுகள் அடங்குமாறு எந்த இடத்தில் நின்றால் தெரிகிறதோ, அந்த இடம்தான் அந்த ஓவியத்தின் கொடுமையான இடம். அங்கிருந்து நான்கு அடி முன்னால் நகர்ந்தாலோ பின்னால் வந்தாலோ உளைச்சல் குறையும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தக் கோடுகளின் மீதான கூச்சம் மற்றவர்களைவிட அதிகம். வலி இல்லாத நாள்களிலும் அது அவர்களுக்கு உண்டு. ‘தலைவலிதான் மிச்சம்’ என்று எழுதியவர் கலையுணர்வு இல்லாதவர் அல்லர். பெரும்பாலும் அவர் மற்றவர்களைவிடக் கூர்மையாகவே அந்த ஓவியத்தை உணர்ந்திருப்பார். நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

இரண்டாம் அறையின் சங்கதி வேறு. அங்கே கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. விளிம்பு, நிழல், தொலைவு என்ற எதுவும் இல்லாத சீரான ஒளியில் கண்ணை வைத்தால் என்ன ஆகும் என்பதை 1930-களில் ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் மெட்ஸ்கர் ஆராய்ந்தார். ‘முழுவெளி’ என்று பொருள்படும் ‘கான்ஸ்ஃபெல்ட்’ என்ற சொல் அந்த ஆய்வுகளிலிருந்து வந்ததே. சில நிமிடங்களில் நிறம் மங்கிச் சாம்பல் பூத்தது போலாகும், பிறகு மூடுபனிக்குள் நிற்பது போலிருக்கும், சிலருக்குக் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே ஐயமாகிவிடும். அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரல், உளவியல் படித்தவர், 1960-களின் இறுதியில் ஓர் உளவியலாளருடன் சேர்ந்து இந்த நிலையை ஆராய்ந்து, பிறகு அதையே தம் கலைக்கு மூலப்பொருளாக்கிக்கொண்டார்.

இந்த அறையிலிருந்து வருபவர்களை ஒரு நாள் கூர்ந்து கவனியுங்கள். நான் இத்தகைய ஓர் அறையின் வாசலுக்கு வெளியே ஒரு பிற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன். வெளியே வந்தவர்களில் மிகப் பலர் பேசுவதற்கு முன் செய்த முதல் காரியம், நடைவழியின் சுவரில் உள்ளங்கையை வைத்ததுதான். சாய்வதற்காக அல்ல, இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அதை அவர்கள் கவனிக்கவும் இல்லை. பிறகுதான் ‘அருமை’, ‘பயமாக இருந்தது’ என்ற சொற்கள் வந்தன. அருமை என்றவரின் கையும் பயம் என்றவரின் கையும் ஒரே மாதிரிதான் சுவரைத் தேடின. நாம் நிலையாக நிற்பதற்குக் காதின் உட்புறம், பாதம், கண் ஆகிய மூன்றும் சாட்சி சொல்ல வேண்டும்; கண்ணின் சாட்சியம் திடீரென்று இல்லாமற்போகும்போது உடல் வேறு சாட்சியைத் தேடுகிறது. அந்தச் சில நிமிடங்கள் சிலருக்கு விடுதலையாகவும் சிலருக்குத் திகிலாகவும் இருப்பது, வழக்கமாகப் பிடிமானம் நழுவும் வேளைகளை அவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

விழுந்தவர்களும் உண்டு. 1980-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் டரலின் ஒளிப் படைப்பைச் சுவரென்று நினைத்துச் சாய்ந்து விழுந்த சம்பவம் நீதிமன்றம் வரை போயிற்று. 2018-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகர அருங்காட்சியகத்தில், தரையில் வெறும் கறுப்பு வட்டம் போலத் தெரியுமாறு அனிஷ் கபூர் அமைத்திருந்த சுமார் எட்டடி ஆழமுள்ள குழிக்குள் ஒரு பார்வையாளர் விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எச்சரிக்கைப் பலகையும் காவலரும் இருந்த இடத்தில்தான் அது நடந்தது. கண்ணை ஏமாற்றுவதில் ஒரு படைப்பு முழு வெற்றி பெறும் இடத்தில், பலகையைப் படித்த அறிவு காலுக்குப் போய்ச் சேருவதில்லை. உங்கள் இளஞ்சிவப்பு அறையில் ஓரமாக ஒரு கைப்பிடியோ, தரையில் காலுக்குத் தட்டுப்படும் ஒரு பட்டையோ இருப்பது படைப்பைக் கெடுக்காது. வெளியே வந்ததும் உலகம் சற்று நேரம் பச்சையாகத் தெரிவதாக யாராவது அஞ்சினால், இளஞ்சிவப்பில் சோர்ந்துபோன கண் அதன் எதிர்நிறத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது, சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்று தயங்காமல் சொல்லலாம்.

இனி மூன்றாம் அறை. மூடிய இமைகளின் மேல் ஒளி விட்டு விட்டு விழுந்தால் உருவங்கள் தோன்றும் என்பது புதுச் செய்தி அன்று. செக் உடலியலாளர் புர்கின்யே, வெயிலை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டு விரித்த விரல்களைக் கண்ணுக்கு முன்னால் அசைத்து, தாம் கண்ட கட்டங்களையும் சுழல்களையும் 1819-இலேயே எழுதி வைத்தார். 1958 டிசம்பரில் மார்செய் நகருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஓவியர் பிரையன் கைசின், சாலையோர மரங்களினூடே வெட்டி வெட்டி விழுந்த வெயிலில் கண்ணை மூடியிருந்தபோது நிறங்களின் வெள்ளத்தைக் கண்டார். பிறகு இயன் சமர்வில் என்பவருடன் சேர்ந்து, துளைகள் வெட்டிய ஓர் உருளையை இசைத்தட்டுச் சுழலியின் மேல் வைத்து, நடுவே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு ‘ட்ரீம்மெஷின்’ என்ற கருவியை உருவாக்கினார். கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய முதல் கலைப்பொருள் என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. விநாடிக்கு 8 முதல் 13 முறை மினுக்கும் ஒளி அதில் கிடைக்கும். கண்மூடி ஓய்ந்திருக்கும்போது மூளையில் எழும் ஆல்ஃபா அலைகளின் வேகமும் அதுவே.

அந்த ஒளியில் மனிதர்கள் காண்பவை வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன. தேனடை போன்ற கட்டங்கள், சிலந்தி வலை, சுரங்கப்பாதை, சுருள். உளவியலாளர் ஹைன்ரிக் க்ளூவர் 1920-களில் மெஸ்கலின் என்ற போதைப்பொருளை ஆராய்ந்தபோது பிரித்துச் சொன்ன நான்கு வடிவ வகைகள் இவையே. ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணில் தோன்றும் கோலங்களிலும் இவற்றின் சாயலைக் காணலாம். விழித்திரையில் விழும் வட்டங்களும் ஆரங்களும் மூளையின் பார்வைப் பகுதியில் நேர்கோடுகளாக மாற்றிப் பதியப்படுகின்றன. ஆகவே அந்தப் பகுதி கலக்கமுற்று அலை அலையாகத் துடிக்கும்போது அந்த நேர்கோட்டு அலைகள், பார்ப்பவருக்கு வட்டமாகவும் சுரங்கமாகவும் சுருளாகவும் திரும்பத் தெரிகின்றன. எர்மெண்ட்ரவுட், கோவன் என்னும் இருவர் 1979-இல் இதைக் கணித வழியில் விளக்கினார்கள். எளிதாகச் சொன்னால், அந்தக் கோலம் விளக்கில் இல்லை. பார்ப்பவர் தம் மூளையின் நெசவையே பார்க்கிறார்.

ஆனால் தேனடையும் சுரங்கமும்தான் நெசவிலிருந்து வருபவை. அம்மாவின் முகம் அங்கிருந்து வருவதில்லை.

இதில் நீங்கள் கவனமாக நடந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற மினுக்கொளியில் தம் மறைந்த மனைவியைக் கண்ட ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கு நோய் எதுவும் இல்லை; ‘அது அவள்தானா, டாக்டர்?’ என்று ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நான் விடை சொல்லவில்லை. முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த முகம் அல்ல, கூடத்தில் மாட்டியிருக்கும் புகைப்படத்து முகம், தலைகூட அதே பக்கம் சாய்ந்திருந்தது என்றார். சொல்லி முடித்ததும் அவரே சிரித்தார், பிறகு அழுதார். அதன் பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தெளிவற்ற கோலத்தில் முகம் தேடுவது மூளையின் பழக்கம், எந்த முகத்தைத் தேடும் என்பது அவரவர் வாழ்க்கையைச் சேர்ந்தது. எனவே உங்கள் பதிவேட்டில் எழுதியவரிடம் ‘அது வெறும் நரம்பின் விளையாட்டு’ என்று சொல்வதும் தவறு, ‘அம்மா உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்’ என்று சொல்வதும் தவறு. முன்னது அவருடைய துக்கத்தின்மேல் கால் வைப்பது. பின்னது அதைச் சொல்ல உங்களுக்கு இல்லாத உரிமையை எடுத்துக்கொள்வது. உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டு, அவர் பேசினால் கேளுங்கள்.

ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதியவரைப் பற்றி எனக்கு அதிக வருத்தம் உண்டு. மினுக்கொளியில் காண்பவை ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். சிலருக்கு நிறங்கள் மட்டும், சிலருக்கு வெறும் வெளிச்சத் துடிப்பு மட்டும். அவர் எதிலும் குறைந்தவர் அல்லர். ஆனால் வாசலில் ‘உங்கள் மனத்தின் மூடிய கதவுகள் திறக்கும்’ என்று படித்துவிட்டு, பத்து நிமிடம் அமர்ந்து, வெறும் துடிக்கும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர் எந்த முடிவுக்கு வருவார்? ஒன்று, தம் மனம் திறக்காத மனம் என்று நினைக்க வேண்டும். அல்லது பலகை பொய் சொல்கிறது என்று நினைக்க வேண்டும். முன்னவர் ‘என்னிடம்தான் குறை’ என்று எழுதினார், பின்னவர் ‘ஏமாற்று வேலை’ என்று எழுதினார். இருவரும் கண்டது ஒன்றாகவே இருக்கக்கூடும். இரண்டு வரிகளையும் எழுத வைத்தது படைப்பு அன்று, பலகை.

எதுவும் வாக்களிக்காத கலைக்கு மக்கள் எப்படி எதிர்வினையாற்றுவார்கள் என்பதற்கு 2003-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகக் கூடத்தில் கலைஞர் ஓலாஃபர் எலியாசன் அமைத்த செயற்கைச் சூரியன் நல்ல சான்று. மஞ்சள் ஒளி, மெல்லிய மூடுபனி, மேற்கூரை முழுவதும் கண்ணாடி. படுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் தாமாகவே தரையில் படுத்து, கூரையில் தெரிந்த தம் சிறிய உருவத்துக்குக் கையசைத்தார்கள், முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து உடல்களால் வடிவங்கள் அமைத்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்த அந்தக் கூடத்தில் சும்மா நடந்துவிட்டுப் போனவர்களும் ஏராளம். அவர்கள் தோற்றவர்களாக வீடு திரும்பவில்லை.

தீங்கு பற்றிய உங்கள் கேள்விக்கு நேரடியான விடை: ஆம், சிலருக்குச் செய்யக்கூடும். ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரும் தன்மை மக்கள்தொகையில் ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு உண்டு. குழந்தைகளிடமும் பதின்ம வயதினரிடமும் கூடுதலாக உண்டு. தமக்கு அது இருப்பதே முதல் வலிப்பு வரும்வரை பலருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிச் சித்திரத் தொடரில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மினுக்கியபோது, 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அமெரிக்கத் திரைப்படக் கலைஞர் டோனி கான்ராட் 1966-இல் கறுப்பு, வெள்ளைச் சட்டகங்கள் மட்டுமே கொண்ட தம் படத்தின் தொடக்கத்திலேயே வலிப்பு பற்றிய எச்சரிக்கையை வைத்துவிட்டார். உங்கள் கடிதத்தில் பலகையின் கவித்துவம் இருக்கிறது, இந்த எச்சரிக்கையைக் காணவில்லை. அது மூன்றாம் அறையின் வாசலில் இருந்தால் போதாது. நண்பர்களோடு வரிசையில் நின்று கடைசி நொடியில் ‘நான் வரவில்லை’ என்று சொல்லும் துணிவு எல்லோருக்கும் வராது. நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்கள், குடும்பத்தில் அது இருப்பவர்கள், கடும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் மூன்றாம் அறையைத் தவிர்க்க வேண்டும் என்று எளிய சொற்களில் எழுதுங்கள். சிறுவர்களை அந்த அறைக்குள் விடவே வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த அறையில் பணியில் இருப்பவர்கள் அனைவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒருவர் ‘என்னவோ செய்கிறது’ என்று சொன்னால், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதால் பயனில்லை. மூடிய இமை வழியாகவும் ஒளி புகும், உங்கள் அறை இயங்குவதே அதனால்தான். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். இரு கண்களும் ஒருசேரத் தூண்டப்படுவது தடைப்பட்டால் வலிப்புக்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும். உடனே விளக்கை நிறுத்துங்கள். அதை நிறுத்தும் பொத்தான் தன்னார்வலரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நாளைக் காலையே பாருங்கள்.

உங்களுக்கு இப்போது எதுவும் தெரியாதது பற்றி அஞ்ச வேண்டாம். முதல் நாள் நீங்கள் பார்வையாளராக அமர்ந்தீர்கள்; இன்று காதில் பாதி கதவுப் பக்கம், மனத்தில் பாதி அடுத்த வரிசையைப் பற்றி. அதோடு முதல் நாள் கண்டதையே மறுபடியும் தேடுகிறீர்கள். தேடும் கண்ணுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. பழக்கப்பட்ட தூண்டலுக்கு நரம்பு மண்டலம் மெல்ல அலுத்துப்போவதும் இயல்பே. ஆனால் நாள் முழுவதும் அந்த வெளிச்சச் சிதறலில் நிற்பது நல்லதல்ல. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு அறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தப் பெண்மணி. கைகள் தம்முடையவை அல்ல போலத் தோன்றியது என்று அவர் எழுதியதை மருத்துவத்தில் நாங்கள் நன்றாகவே அறிவோம்; தன்னிலிருந்து தானே விலகி நிற்பது போன்ற அந்த உணர்வு கடும் சோர்விலும் பதற்றத்திலும் உறக்கமின்மையிலும் புலன்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படும்போதும் பலருக்கு வருவதுண்டு. பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நல்ல உறக்கத்துக்குப் பின் விலகிவிடும். பைத்தியம் பிடிக்கிறதோ என்ற அச்சம்தான் அதை நீட்டித்து வளர்க்கும். அவரைத் தொடர்புகொள்ள முடிந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் கடந்தும் நீடித்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ, இடையிடையே நினைவு தப்பினாலோ, ஒரு கண்ணில் மட்டும் புதிதாக மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணில் தெரியும் மின்னலுக்கும் கண்காட்சிக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம், ஆனால் பழியைக் கண்காட்சியின் மேல் போட்டுவிட்டு விழித்திரைக் கிழிசலைக் கவனியாமல் விட்டுவிடக் கூடாது.

அவருக்கு ‘ஸ்டெந்தால் நோய்க்குறி’ என்று பெயர் சூட்ட யாராவது முன்வரக்கூடும். 1817-இல் ஃப்ளாரன்ஸ் நகரத் தேவாலயத்தின் கலைப்பேரழகில் நெஞ்சு படபடத்து வெளியேறியதாக ஸ்டெந்தால் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதினார். அதே நகரின் மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்த கிராட்சியெல்லா மாகெரினி, அங்கு நிலைகுலைந்து வந்த 106 சுற்றுலாப் பயணிகளைப் பற்றிய குறிப்புகளிலிருந்து அந்தப் பெயரை வழங்கினார். நோய்களின் அதிகாரபூர்வமான வகைப்பாடுகளில் அதற்கு இடமில்லை. பெயரைவிட அது செய்யும் வேலைதான் எனக்கு உவப்பாக இல்லை: ஒருவரின் முறையீட்டை எடுத்து, படைப்புக்குச் சூட்டும் பாராட்டாக அது மாற்றிவிடுகிறது. உறங்காமல் தவித்தவரிடம் போய் ‘பார்த்தீர்களா, கலை உங்களை எவ்வளவு தூரம் அசைத்திருக்கிறது’ என்று சொல்ல யாருக்கும் மனம் வரக் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் அமரவைத்ததற்கு வருந்துகிறோம் என்று அமைப்பாளர்கள் சொல்வதே முறை.

பலகையில் என்ன எழுதலாம் என்று அவர்கள் உங்களைக் கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: கோடுகள், ஒரே நிற ஒளி, பத்து நிமிட மினுக்கொளி, சிலருக்கு உருவங்கள் தெரியும், சிலருக்குத் தெரியாது, எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். பதிவேட்டின் பக்கத்தில் சில வண்ணப் பென்சில்களையும் வெற்றுத் தாள்களையும் வையுங்கள். 2022-இல் பிரிட்டனில் ட்ரீம்மெஷினைப் புதிய வடிவில் நான்கு நகரங்களில் நடத்தியபோது, வெளியே வந்தவர்கள் உட்கார்ந்து வரையவும் எழுதவும் இடம் ஒதுக்கினார்கள். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் மக்கள் தீர்ப்பு எழுதுவார்கள்; ‘என்ன தெரிந்தது?’ என்று கேட்டால் வரைவார்கள்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அவர் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தார், இடையில் எழுந்து வர முயன்றாரா, அன்று சரியாக உறங்கியிருந்தாரா என்று கேட்டு, அவர் சம்மதித்தால், தேதியோடு அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அமைப்பாளர்கள் வற்புறுத்தினால், மருத்துவர் ஒருவர் அதைப் படித்துப் பார்க்க விரும்புவதாகச் சொல்லி, பதிவேட்டை அப்படியே எனக்கு ஒரு முறை காட்டுங்கள்.